பொன்னம்மை வைத்த எக்சிக்யூட்டர்

பொன்னம்மைக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அந்த வருஷம் வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கிய சமயத்தில், சாலைக் கடைத்தெருவில் அவளைத் தவிர வேறு ஒருவரும் அதை நம்பத் தயாராக இல்லை.

குடைக்கடைப் பொன்னம்மை ஒஸ்யத்து எழுதப் போகிறாள் என்ற சேதி எப்படியோ கிளம்பிவிட்டது. உயிலுக்குத் திருவனந்தபுரத்தில் ஒஸ்யத்து என்றுதான் பெயர். ஒஸ்யத்து எழுதுகிறவர்கள் பாயோடு பாயாகக் கிடந்து, வாயில் விட்ட பால் வெளியே வழிகிற நிலையில்தான் எழுதுவார்கள் என்பது தெருவின் தீர்மானம். ஆகவே அரிசி மண்டிக்காரர் வீட்டு அம்மாள் சாத்துக்குடியோடு வந்தாள். பப்படக் கடைக்காரர் வந்து எதிரே நின்றுகொண்டு, பொன்னம்மையின் கண்ணைக் கீழிமை தெரிய உற்றுப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுமில்ல வேய்," என்றாள் பொன்னம்மை. "காலம்பற தின்ன தோசைய எண்ணிச் சொன்னா நீரு கண்ணு வச்சிருவீரு."

"பின்னே எதுக்கு இந்த ஒஸ்யத்து?"

"மழை வந்த பொறகா குடை வாங்கணும்?"

அவள் குடைக்கடைக்காரி. அவளிடம் இதற்கு மேல் யாரால் வாதாட முடியும்?

உண்மையில் பொன்னம்மைக்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதி வைக்காமல் போனவர். அவர் போனபோது அவளுக்கு இளவயது. பிள்ளை குட்டி கிடையாது. கொழுந்தன்மார் கோர்ட்டுக்குப் போனார்கள். கடைக்குச் சீல் வைத்தார்கள். அதுவும் எப்போது? சரியாக இடவப்பாதியில். வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது, திருவனந்தபுரமே நனைகிறது, குடைகள் எல்லாம் உள்ளே பூட்டிக் கிடக்கின்றன. பொன்னம்மை எதிர்க்கடை வாசலில் ஒதுங்கி நின்று அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ராஜியாகி, கடை அவளுக்கே முழுப் பாத்தியதையாகத் தீர்ந்தது. கொழுந்தன்மாரோடு மனத்தாங்கலும் காலப்போக்கில் ஆறிவிட்டது. ஆனால் அந்தப் பூட்டை மட்டும் அவள் மறக்கவில்லை. தனக்குப் பிறகு யாரும் அப்படி மழையில் நிற்கக் கூடாது என்பது அவள் வைராக்கியம்.

யாருக்கு என்ன என்பதை மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள். அதில் சிரமம் இல்லை. எழுதி வைத்ததை எழுதி வைத்தபடி நடத்திக் கொடுக்கிற ஆள் யார் என்பதில்தான் சிக்கல். அந்த ஆளுக்கு எக்சிக்யூட்டர் என்று பெயர் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள் தம்பி குற்றாலலிங்கம் பிள்ளைதான். அரசாங்கத் தலைமை ஆபீசான ஹஜூர் கச்சேரியில் சூப்பரண்டாக இருந்து பென்ஷன் வாங்கியவர்.

"அக்கா, எக்சிக்யூட்டர்ங்கது வெறும் பேரில்ல. ரெஸ்பான்சிபிள் போஸ்ட்டு. கச்சேரியில இருந்த ஆளுக்குத்தான் அது கையில நிக்கும்," என்று சொல்லிவிட்டு, யார் அந்த ஆள் என்பதை அவளே யூகித்துக்கொள்ளட்டும் என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாளே கொழுந்தன் மகன் பகவதிப்பெருமாள் வந்து நின்றான். சாலைக் கடைத்தெருவிலேயே கருப்பட்டி, மிளகு மொத்த வியாபாரம் செய்கிறவன்.

"பெரியம்மே, கச்சேரி ஆளுக்கு ஃபைல் கட்டத் தெரியும். கடை கண்ணியப் பத்தி என்ன தெரியும்? நாந்தான் இருக்கேன்லா?"

இவர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம். பகவதிப்பெருமாளின் புதுவீட்டுப் பால்காய்ச்சு அழைப்பிதழில் குற்றாலலிங்கம் பிள்ளையின் பெயருக்குக் கீழே சூப்பரண்டு என்று போடுவதற்குப் பதிலாக ஹெட் கிளார்க் என்று அச்சாகிவிட்டது. அச்சாபீஸ்காரன் தப்பு என்றான் இவன். வேண்டுமென்றே போட்டது என்றார் அவர். அன்று முதல் ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் மிதிப்பதில்லை. தம்பியை வைத்தால் கொழுந்தன் மகன் அவள் சாவுக்குக்கூட வரமாட்டான். கொழுந்தன் மகனை வைத்தால் தம்பி வந்தாலும் தெருவோடு நின்றுகொள்வார். பொன்னம்மை ஒரு வாரம் யோசித்துவிட்டு, கடைக் கணக்கப்பிள்ளை வேலாயுதனிடம் சொன்னாள்:

"பந்தல் போட ஆள் உண்டு. சமைக்க ஆள் உண்டு. கூலி குடுத்தா ஒப்பாரி வைக்கக்கூட ஆள் கிட்டும். பின்னே இதுக்கு மட்டும் சொந்தக்காரன் எதுக்கு? தொழிலாச் செய்யுத ஒரு ஆளைக் கூலிக்குப் பிடிச்சிர வேண்டியதுதான்."

வேலாயுதன் தலையைச் சொறிந்தான். "செத்த பொறகு செய்யக்கூடிய வேலைக்கு இப்பமே ஆள் எடுக்குததா? ஆள் வேலை செஞ்சானா இல்லையான்னு முதலாளியம்மா எப்படிப் பாப்பீங்க?"

"அதனாலதான்டா நல்லாப் பாத்து எடுக்கணும்."

முதலில் வஞ்சியூரில் பேர்போன வக்கீலான பட்டாபிராம ஐயர் வீட்டுக்குப் போனாள். சுவர் தெரியாமல் புத்தகம். ஐயர் அவள் சொன்னதைப் பாதி கேட்டார். மீதியைத் தாமே சொல்லிக்கொண்டார்.

"தம்பியும் கொழுந்தன் பிள்ளையும் ஜென்ம விரோதிகள்னு சொல்றேள். பேஷ்! ஒஸ்யத்து செல்லாதுன்னு ஒருத்தன் கேஸ் போடுவான். போடட்டுமே! டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டிலே ஒரு கை பார்ப்போம். தோத்தா ஹைகோர்ட்டு. நான் விடப்போறதில்லை." பேசப் பேச அவர் முகம் பிரகாசமாகிக்கொண்டே வந்தது. பலாப்பழப் பாயசமான சக்கப் பிரதமன் பரிமாறும் பந்தியில் உட்கார்ந்திருப்பவரைப் போல இருந்தார்.

'கேஸே வரக்கூடாதுன்னு நான் வந்தா, இந்த மனுஷன் எப்ப வரும்னு இலை போட்டு உக்காந்திருக்காரே' என்று நினைத்துக்கொண்டு பொன்னம்மை கும்பிட்டுவிட்டு எழுந்தாள்.

அடுத்தது ஒரு பாங்க். அங்கே இப்படிப்பட்ட காரியத்துக்கென்றே தனியாக ஒரு மேஜை இருந்தது. மேஜைக்குப் பின்னால் கழுத்தில் டை கட்டிய இளைஞன், கோட்டயத்துக்காரன். அவன் தமிழையும் மலையாளத்தையும் சேர்த்துப் பிசைந்து பேசினான்.

"அம்மே, மனுஷ்யன் மரிக்கும். பாங்கு மரிக்காது. பின்னே எந்து பயம்?"

இது அவளுக்குப் பிடித்திருந்தது. "கொள்ளாம். அப்பம் என் காரியம் ஆனதும் நீங்க வீட்டுக்கு வருவீங்களா?"

"ஞான் அப்பம் இவிடெ காணுமோ என்னவோ. டிரான்ஸ்பர் ஆகும். யாராவது ஓராள் வரும்."

"யாரு?"

"அப்பம் யார் உண்டோ, அவர்."

அந்த 'யாராவது ஓராள்' தன் வீட்டு நடையில் செருப்பைக் கழற்றாமல் நின்று, 'இதில் குற்றாலலிங்கம் யார்?' என்று கேட்பது பொன்னம்மையின் கண்ணுக்குத் தெரிந்தது. நல்ல பையன்தான், ஆனால் ஒரு மேஜைக்குக் கழுத்தை நீட்ட முடியுமா? அங்கிருந்தும் எழுந்துவிட்டாள்.

தேடிப் போனபோது கிடைக்காத ஆள், ஒரு நாள் தானே கடைக்குள் வந்து நின்றது. நல்ல மழை. வெள்ளைப் புடைவை, மேலே கறுப்புக் கோட்டு, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கையில் கம்பி முறிந்த குடை. புதுக்குடை எடுத்துக் காட்டிய வேலாயுதனைப் பார்த்து, "புதுசு வேண்டாம். இதுக்கு ஒரு கம்பி போதும். போடலாமா முடியாதான்னு மட்டும் சொல்லுங்க," என்றாள்.

கடையில் மழைக்கு ஒதுங்கி இன்னொரு ஆளும் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வக்கீலம்மாவா! நம்ம அண்ணாச்சி அந்தத் தோப்பு, புரையிடக் காரியமா உங்கள வந்து கண்டாராமே. என்ன சொன்னாரு?"

"அண்ணாச்சி சொகமா இருக்காங்களா?" என்றாள் அவள்.

"சொகந்தான். விக்கத்தான் போறாரா?"

"என்ன மழை பாருங்க. கிள்ளியாறு நெறஞ்சிருக்கும்."

"தம்பிகிட்டச் சொல்லுததுக்கு என்னம்மா?"

"தம்பிகிட்ட அண்ணன் சொல்லுததுதான் அழகு." இதையும் சிரித்த முகமாகவே சொன்னாள். அந்த ஆள் வேறு வேறு பக்கமாகச் சுற்றி வந்து கேட்டுப் பார்த்தார். அவளும் ஆற்றையும் மழையையும் விட்டு அசையவில்லை. மழை சற்றே விட்டதும் அவர் முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார்.

பொன்னம்மை கைவேலையை நிறுத்திவிட்டு அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் பழவங்காடியில் ஒருவன் தும்மினால் மத்தியானம் கரமனையில் கஷாயம் வைக்கிற ஊர் இது. இந்த ஊரில் இப்படி ஒரு மூடிய வாயா! முறிந்த குடையை அவள் கையிலிருந்து தானே வாங்கி, பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"இருங்க வக்கீலம்மா. கம்பி போட்டுத் தாறேன். நீங்க யாரு, எந்த ஊரு?"

ரத்னாபாய். நாகர்கோயில். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். இங்கேயே லா காலேஜில் படித்து, வஞ்சியூர்க் கோர்ட்டில் தொழில் நடத்துகிறாள். ஒஸ்யத்து எழுதிக் கொடுப்பதுண்டு. நிறைவேற்றிக் கொடுப்பதும் உண்டு.

இரண்டு நாளில் பொன்னம்மை அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். எல்லாம் சொன்னாள். ரத்னாபாய் குறுக்கே பேசாமல் கேட்டாள். பட்டாபிராம ஐயரிடம் பேசியதைவிட அரைவாசி நேரத்தில் சொல்ல வேண்டியது முழுவதும் தீர்ந்துவிட்டது. வீடு தம்பிக்கு. புருஷன் வழியில் வந்த கடையாதலால், கடை கொழுந்தன் மகனுக்கு. நகை நட்டு தம்பி மகள் சரோஜத்துக்கு. வேலாயுதனுக்கு ஒரு தொகை.

"அப்பம் நீங்கதான் எக்சிக்யூட்டர். என்ன கூலின்னு சொல்லுங்க," என்று முடித்தாள் பொன்னம்மை.

"கூலி கெடக்கட்டும். அத ஒஸ்யத்துலயே எழுதிக்கிடலாம். நான் சம்மதிக்கணுமா வேண்டாமான்னு எனக்கு இன்னும் தெரியலையே."

பொன்னம்மைக்கு விளங்கவில்லை. "நானில்லா ஆளப் பாத்து எடுக்க வந்திருக்கேன்?"

"நீங்க என்னப் பாக்கணும். நான் உங்க ஆளுகளப் பாக்கணும். இதெல்லாம் அவங்களுக்குத் தெரியுமா?"

"சேச்சே! நான் போன பொறகு தெரிஞ்சா போதும்."

"அப்பம் நீங்க போன பொறகு, அவங்க மூஞ்சிய நான் ஒருத்தி தனியா நின்னு பாக்கணும். இப்பமே, நீங்களும் கூட இருக்கையில பாத்துக்கிட்டா எனக்கு எளுப்பமா இருக்கும். எல்லாரையும் ஒரு நாள் ஒண்ணாக் கூப்பிடுங்க. எழுதப் போறத நீங்களே சொல்லுங்க. நான் ஒரு ஓரத்துல இருக்கேன்."

"நான் சம்மதிக்காட்டி?"

"நான் பேரு குடுக்க மாட்டேன். வேற நல்ல ஆள் வேணும்னா நானே சொல்லுதேன்."

பொன்னம்மை விருட்டென்று எழுந்து வெளியே வந்து ஜட்கா வண்டியில் ஏறினாள். வழியெல்லாம் வண்டிக்காரன் காதுபடப் புலம்பல். கூலிக்கு ஆள் பிடிக்கப் போனால் கூலிக்காரி நம்மை அல்லவா வேலை வாங்குகிறாள்! அவர்களைக் கூட்டி வைத்துச் சொல்வதற்குத் தனக்குத் திராணி இருந்தால் எக்சிக்யூட்டர் எதற்கு? ஆனால் வண்டி கிழக்கேகோட்டையை நெருங்குவதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்த பிறகு எப்படியும் பயப்படப் போவதில்லை. உயிரோடு இருக்கும்போது மட்டும் என்ன பயம்? வேலாயுதனைக் கூப்பிட்டு நல்ல சக்கைப்பழமாகப் பார்த்து வாங்கி வரச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு. மற்றவர் வருகிறார் என்று இருவரிடமும் அவள் சொல்லவில்லை. குற்றாலலிங்கம் பிள்ளை சம்சாரத்தோடும் மகள் சரோஜத்தோடும் கூடத்தில் வந்து உட்கார்ந்த பிறகு பகவதிப்பெருமாள் படியேறினான். இருவரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள்.

"இரிங்கலே ரெண்டு பேரும்!" என்று பொன்னம்மை போட்ட சத்தத்தில் இருவரும் ஒரே சமயத்தில் உட்கார்ந்தார்கள். அவியல், தீயல், எரிசேரி, பிரதமன் எல்லாம் முடிகிற வரை யாரும் வாய் திறக்கவில்லை. அதாவது பேசுவதற்குத் திறக்கவில்லை. ஓரத்து இலையில் உட்கார்ந்திருந்த ரத்னாபாய் மட்டும் தீயல் நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாந்தரம் வாங்கிக்கொண்டாள். வெற்றிலைத் தட்டு வந்ததும் பொன்னம்மை தொண்டையைச் செருமினாள்.

"கேட்டுக்கிடுங்க. நான் ஒஸ்யத்து எழுதப் போறேன். இந்த வக்கீலம்மாதான் எக்சிக்யூட்டர்."

குற்றாலலிங்கம் பிள்ளை கொழுந்தன் மகனைப் பார்த்தார். கொழுந்தன் மகன் அவரைப் பார்த்தான். இருவர் முகத்திலும் ஒரே மாதிரியான ஒரு நிம்மதி பரவியதை ரத்னாபாய் கவனித்துவிட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் எக்சிக்யூட்டராக ஆசைப்பட்டதாக் கேட்டேனே? வருத்தம் ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

"ஆசையா!" என்றார் குற்றாலலிங்கம் பிள்ளை. "எனக்கு மூட்டு வலி. கோர்ட்டுப் படி ஏற முடியுமா? கடைச் சரக்கு, கந்தாய வரி, இதெல்லாம் யாரு பாக்கது? இவன் ஆயிரப்படாதேன்னுதான்…" பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பகவதிப்பெருமாள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "நானும் அதேதான் மாமா! நீங்க ஆயிட்டா சூப்பரண்டு கையெழுத்துக்கு நாங்க எல்லாம் வரிசையில நிக்கணுமேன்னு பயந்தேன்."

சூப்பரண்டு என்ற சொல் அவன் வாயிலிருந்தே வந்ததைக் கேட்டதும் குற்றாலலிங்கம் பிள்ளைக்கு உச்சி குளிர்ந்தது. "பாத்தியாக்கா? பயலுக்குத் தெரிஞ்சுதான் இருக்கு!" என்று அவன் பக்கமாக வெற்றிலைத் தட்டை நகர்த்தினார். அவ்வளவு வருஷத்துப் பகை ஒரு வெற்றிலைத் தட்டில் தீர்ந்துபோனது.

இதே வேகத்தில் முடித்துவிடலாம் என்று பொன்னம்மை மளமளவென்று சொன்னாள். வீடு தம்பிக்கு என்றதும் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடை உனக்கு என்று கொழுந்தன் மகனிடம் சொன்னபோது அவன் பாக்கை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"என்னலே, பேசமாட்டேங்க?"

"பெரியம்மே, கோவிச்சுக்கிடப்படாது." அவன் தரையைப் பார்த்தான். "குடைக்கடை எனக்கு வேண்டாம். நான் லாரி எடுக்கப் போறேன். நாகர்கோயில் லைன். குடைன்னா மழைக்குத்தான் ஓட்டம்; வெயில்ல ஈதான் ஓடும். நீ போன பொறகு நான் வித்துத்தான் போடுவேன். உங்கிட்டப் பொய் சொல்ல மனசு வரல்ல."

பொன்னம்மைக்கு முகம் வாடிவிட்டது. அவள் புருஷன் உட்கார்ந்த இடம். சீல் வைத்த பூட்டைத் திறக்கவைத்து மீட்ட இடம். கோர்ட்டுக்குப் போய் அதற்காகச் சண்டை போட்டவரின் மகன், சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்கிறான். அவள் சேலைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்தாள். எல்லாரும் வேறு எங்கோ பார்த்தார்கள். செத்த பிறகு தெரிந்திருக்க வேண்டியது இதுதானோ? தெரியாமலே போயிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கலாமே என்று ஒரு கணம் ரத்னாபாய் மேல் ஆத்திரம்கூட வந்தது.

ரத்னாபாய் ஆறுதல் சொல்லவில்லை. இன்னும் பேசாமல் இருந்த ஆளிடம் திரும்பினாள். "உங்களுக்கு நகைன்னு சொல்லியிருக்காங்க. சம்மதந்தானே?"

சரோஜம் பி.ஏ. பாஸ் செய்துவிட்டு, அப்பா ஜாதகக் கட்டோடு அலைவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். அவள் சட்டென்று, "நகை வேண்டாம். கடையைத் தரச் சொல்லுங்க," என்றாள்.

"பி.ஏ. படிச்ச பிள்ள குடை விக்கப் போறதா?" என்று குற்றாலலிங்கம் பிள்ளை எழுந்தே விட்டார்.

பொன்னம்மைக்குப் போன உயிர் திரும்பிவிட்டது. "ஏம்லே, நான் இத்தன நாளும் வித்தது என்ன, கள்ளா? நீ இரி. பிள்ள பேசட்டும்."

"அத்தே, எங்க காலேஜில ஐம்பது பிள்ளைகளுக்கு ஐம்பது கறுத்த குடை. மழை வந்தா எது யாரு குடைன்னு தெரியாது. தினம் தினம் சண்டைதான். சிவப்பு, நீலம், பூப்போட்டது எல்லாம் பம்பாயில கிட்டுமாம். வெயில்லயும் பிடிக்கலாம். பெண்பிள்ளைகளுக்குன்னு ஒரு குடைக்கடை இந்த ஊரில உண்டா? முன்னாடியே கேக்கணும்னு இருந்தேன். கடை பெருமாள் அத்தானுக்குன்னு எல்லாரும் சொன்னதுனால வாயத் திறக்கல்ல." அவளுக்குப் பேச்சு வேகம் பிடித்துவிட்டது. "ஆனா இதுக்கு அத்தை சாகுற வரைக்கும் நான் காத்துக்கிட்டு இருக்கணுமா?"

அவள் அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். சரோஜமும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் பொன்னம்மை சிரித்தாள். முதலில் மெல்ல, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"வேண்டாம்டி! நாளைக்கே வந்து உக்காரு. ஆனா கல்லாப்பெட்டிச் சாவி என் மடியிலதான் இருக்கும், ஆமா!"

கணக்கு மறுபடி போடப்பட்டது. கடை சரோஜத்துக்கு. நகை பகவதிப்பெருமாளின் பெண்மக்களுக்கு. வேலாயுதனைக் கூப்பிட்டுக் கேட்டபோது, தொகையைவிட, தன் காலம் வரைக்கும் கடையில் தன்னை யாரும் போகச் சொல்லக் கூடாது என்று எழுத முடியுமா என்று கேட்டான். சரோஜம் உடனே சரி என்றாள். ரத்னாபாய் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு எழுந்தாள்.

"இனி நான் பேரு குடுக்கேன்," என்றாள். "நல்ல ஆளுக. சண்டை போடுவாங்க, ஆனா மூஞ்சிக்கு நேரா உள்ளதச் சொல்லுவாங்க. அது போதும் எனக்கு."

ரிஜிஸ்தர் கச்சேரியில் பதிவு நடந்த அன்று பளீரென்று வெயில். பப்படக் கடைக்காரர் ஒரு சாட்சி. அரிசி மண்டிக்காரர் இன்னொரு சாட்சி. குமாஸ்தா காகிதத்தைப் புரட்டி, எக்சிக்யூட்டர் பெயரில் விரலை வைத்து, "இந்த அம்மா உங்களுக்கு என்ன பந்தம்?" என்று கேட்டார்.

"ஒரு பந்தமும் இல்ல," என்றாள் பொன்னம்மை பெருமையாக. "அப்படி ஒரு ஆளு வேணும்னுதான் இந்த ஊரெல்லாம் அலஞ்சு பிடிச்சேன்."

வெளியே வந்தபோது அவளுக்கு ஒரு சந்தேகம். பத்திரத்தை வாசித்துக் காட்டியபோது, ரத்னாபாயின் பெயருக்குப் பிறகு இன்னொரு வக்கீலின் பெயரும் வந்ததே, அது யார்?

"அது என் கூட்டாளி. எனக்கு ஏதாவது ஆயிட்டா அவங்க பாத்துக்கிடுவாங்க. யாரு முந்தி, யாரு பிந்தின்னு எழுதியா வச்சிருக்கு?"

பொன்னம்மை நடுரோட்டில் நின்றுவிட்டாள். இவ்வளவு பாடுபட்டுத் தேடிய ஆள் தனக்கு முந்திப் போவதா! ஜட்காவை நேரே பழவங்காடிக்கு விடச் சொன்னாள். பிள்ளையார் கோயில் வாசலில் ரத்னாபாயை நிறுத்திவிட்டு, முற்றின தேங்காயாக ஒன்று வாங்கி, தலைக்கு மேலே தூக்கி ஓங்கி அடித்தாள். தேங்காய் சிதறியது. தண்ணீர் ரத்னாபாயின் புடைவைக் கரை வரைக்கும் தெறித்தது.

"என்ன வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டாள் அவள், கரையை உதறிக்கொண்டே.

"உங்களுக்குத்தான். நூறு வயசு. எனக்கு எப்படின்னாலும் பரவால்ல. உங்களுக்குக் கெட்டியாப் போட்டுக் குடுன்னு பிள்ளையார்கிட்டச் சொல்லிட்டேன்."

"எனக்காக யாரும் இது வரைக்கும் தேங்கா உடச்சதில்ல," என்று சொல்லி ரத்னாபாய் வாய்விட்டுச் சிரித்தாள். கடையில் அவள் சிரித்த சிரிப்பு வேறு, இது வேறு. பிறகு கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

பொன்னம்மை வண்டியை அனுப்பிவிட்டு நடந்தே சாலைக் கடைத்தெருவுக்குப் போனாள். கடைக்கு எதிரே வந்ததும் நின்றாள். வாசல் கம்பியில் கறுப்புக் குடைகளுக்கு நடுவே, பம்பாய்ச் சரக்கில் ஒன்று சிவப்பாக விரிந்து தொங்கியது. மூங்கில் கழியால் அதை இன்னும் உயரத்தில் மாட்டச் சொல்லி சரோஜம் வேலாயுதனை விரட்டிக்கொண்டிருந்தாள். கீழே மாட்டினால் போதும் என்று அவன் சளைக்காமல் எதிர்த்துக்கொண்டிருந்தான். பொன்னம்மைக்கு அந்தச் சிவப்பு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

பக்கத்தில் ஒரு பெண், கையில் குழந்தையோடு, அவளும் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். "அந்தச் சிவப்புக் குடை என்ன விலை இருக்கும் அம்மா?" என்று பொன்னம்மையிடமே கேட்டாள்.

"உள்ளே போய்க் கேளு," என்றாள் பொன்னம்மை. "முதலாளியம்மா இருக்கா."